அறிவிப்பு முடியட்டும்

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடைய ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அப்பாவின் குரல் கேட்டது. இடது கால் செருப்பு கிடைத்திருந்தது. வலது காலுடையதை யாரோ மிதித்து அடியில் தள்ளிவிட்டிருந்தார்கள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே கூடத்தில், வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். வெளியே இரண்டு தெரு தள்ளி, "பொதுமக்களே, கொஞ்சம் காதைக் கொடுங்க" என்று ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொசு ஒழிப்பு வண்டி. இன்றைக்கு இந்தப் பக்கத்துத் தெருக்களின் முறை. நேற்று மதியத்திலிருந்து எத்தனையோ யோசித்தாள், ஆள் அனுப்பினாள், தம்பிக்குப் போன் போட்டாள், பெட்டிக்குச் சொன்னாள், நாற்காலிக்குச் சொன்னாள். இந்த வண்டியை மட்டும் மறந்துபோனாள்.

"மாமா, வண்டி வருது."

மாமா, அம்மாவின் தம்பி, பந்தலில் தேங்கிய மழைத் தண்ணீரைக் கம்பால் குத்தி இறக்கிக்கொண்டிருந்தார். "எந்த வண்டி? இன்னும் நேரம் இருக்கே, உன் தம்பி வரணும்ல."

"அந்த வண்டி இல்ல. அப்பா வண்டி."

மாமா கம்பைக் கீழே போட்டார். அவருக்கும் அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். "ஐயையோ, அக்கா கேட்டுடுச்சுன்னா?" என்றார். அவள் வலது செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு யாருடையதோ ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு ஓடினாள். ஒரு காலுக்கு அரக்கு, மறு காலுக்கு நீலம்.

அப்பாவுக்கு ஊரில் 'புழு வாத்தியார்' என்று பெயர். நகராட்சியில் கொசு ஒழிப்புப் பிரிவு. வீடு வீடாகப் போய்த் தொட்டியையும் டிரம்மையும் எட்டிப் பார்ப்பார். ஒரு கரண்டி தண்ணீரை மொண்டு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, உள்ளே நெளிகிற புழுக்களை வீட்டுக்காரர்களின் மூக்குக்கு நேரே பிடிப்பார். "பாருங்க, எல்லாம் உங்க வீட்டுப் பிள்ளைங்க. நீங்க வளத்ததுதான். அடுத்த வாரம் றெக்கை முளைச்சு உங்களையே கடிக்கும்" என்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் நாயை அவிழ்த்துவிடுவார்கள். நாய் கடித்த இடத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் அதே வீட்டுக்குப் போய் நிற்கிற ஆள். பள்ளிக்கூடத்தில் அவளைப் 'புழுப் பொண்ணு' என்று கூப்பிட்டார்கள். அதற்காக அவள் அழுததும் உண்டு, ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்ததும் உண்டு.

அந்த மனிதர் நேற்று வேலைக்குப் போக சட்டை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்பது ஒன்றுதான்: "காய்ச்சலா?" இல்லை, மாரடைப்பு என்றால் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது. புழு வாத்தியாரைக் கொசு கடித்துத்தான் கொன்றிருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

குரல் பேக்கரி இருக்கிற தெருவிலிருந்து வருவதுபோல் இருந்தது. அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது அது பின்பக்கம் கேட்டது. குழாய் வைத்த ஒலிபெருக்கியின் வேலையே இதுதான், எந்தச் சுவரில் பட்டு எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. "...தொட்டியை மூடி வைங்க, மூட முடியலையா, வாரம் ஒரு தடவை தேச்சுக் கழுவுங்க. தேச்சுன்னா தேச்சு. முட்டை சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், தண்ணியைக் கொட்டினா மட்டும் போகாது..." அப்பா விடாமல் பேசிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை. நெஞ்சுவலி இல்லாத அப்பா.

"பாப்பா, நில்லும்மா." இஸ்திரிக்கடைக்காரர் வழிமறித்தார். அவளுக்கு முப்பத்து நான்கு வயதாகியும் இந்தப் பகுதியில் அவள் பாப்பாதான். "இப்பத்தான் கேள்விப்பட்டேன். நம்பவே முடியல. காய்ச்சலா?"

"இல்லைங்க, நெஞ்சுவலி. வண்டி எந்தப் பக்கம் போச்சு?"

"வண்டியா? இந்தா இப்படித்தான் போச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆள் போயாச்சுன்னு ஒருத்தன் சொல்றான், அவரே வந்து தண்ணியைக் கவுத்துன்னு சொல்றாரு. நான் என்ன செய்ய, எந்திரிச்சுப் போய் வாளியைக் கவுத்துட்டு வந்தேன்." கடை ஓரத்தில் ஒரு பச்சை வாளி தலைகீழாக இருந்தது. அதை அவளுக்குச் சுட்டிக் காட்டினார்.

அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள், பிறகு ஓடினாள். அவள் பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேஜையில் உட்காருகிறவள். நாள் முழுக்க மற்றவர்களை "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று உட்காரவைப்பது அவள் தொழில். அவளுக்கோ உட்காரப் பிடிக்காது. நேற்றிலிருந்து ஓரிடத்தில் இருப்பே கொள்ளவில்லை. உட்கார்ந்தால் அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும். பெட்டியைவிட, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பார்க்க வேண்டும்.

அம்மா அழவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து சொன்ன நேரத்திலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்தாள், தள்ளி உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். "எப்படியாவது அழ வச்சிடுங்க, உள்ளேயே வச்சிருந்தா ஆளைச் சாய்ச்சிடும்" என்று வந்த பெண்களெல்லாம் சொன்னார்கள். எதிர்வீட்டு டீச்சர் தோளைப் பிடித்து உலுக்கியும் பார்த்தாள். அம்மா அவள் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டாள்.

இந்த நிலைமையில் அந்தக் குரல் தெருவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? அப்பாவின் குரல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அந்தப் பதிவில் அம்மாவும் இருக்கிறாள்.

சில வருஷங்களுக்கு முன் காய்ச்சல் தலைவிரித்து ஆடிய ஒரு மழைக்காலத்தில், அறிவிப்புக்கு ஒரு குரல் வேண்டும் என்று ஆபீஸில் தேடியிருக்கிறார்கள். அப்பா தானே பேசித் தருகிறேன் என்று வீட்டுக்கு வந்து, எதிரொலி வரக்கூடாது என்று போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, படுக்கையறையில் உட்கார்ந்து பேசினார். பாதி பேசும்போது அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். அவர் பதிவு செய்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. அப்பாவும் அதை வெட்டி எடுக்கத் தெரியாமலோ சோம்பலிலோ அப்படியே கொடுத்துவிட்டார். ஆபீஸில் யாரும் முழுசாகக் கேட்டுப் பார்க்கவில்லை. அடுத்த நாள் காலையில் ஊர் முழுக்க அம்மா ஒலிபெருக்கியில் கத்தினாள்:

"ஏங்க, கொசுவை நாளைக்குக் கொன்னுக்கலாம், சாப்பாடு ஆறுது, வாங்க."

அதற்குப் பிறகு ஊருக்கு அதுவே பழமொழி ஆகிவிட்டது. வேலையை ஒத்திப்போட நினைக்கிறவன் எல்லாம் "நாளைக்குக் கொன்னுக்கலாம்" என்றான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை நாளைக்குக் கொன்றார்கள். அம்மா கடைக்குப் போனால் கடைக்காரர் நிறுத்துப் போட்டுக்கொண்டே, "சீக்கிரம் போங்க, ஆறிடப் போகுது" என்றார். அம்மா கடைக்குப் போவதையே நிறுத்தினாள். அப்பாவிடம் பேச்சையும் நிறுத்தினாள். தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் 'டங்' என்று வைப்பாள், அவ்வளவுதான் குடும்பப் பேச்சு. அப்பா கெஞ்சிக் கூத்தாடி, வேறு ஒன்று பேசித் தருகிறேன் என்று சொல்லி, பேசியும் கொடுத்தார். சுத்தமான பதிவு. அதைப் போட்டுக்கொண்டு வண்டி போனபோது ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. பழையதைப் போட்டால் அம்மா கூப்பிடுகிற இடத்துக்காக ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அப்படி நிற்கும்போது தொட்டி, டிரம், டயர் எல்லாம் காதில் விழுந்தது. "ஊர்க் கதவைத் திறக்கிறது உன் சம்சாரம்தான்யா" என்று அதிகாரி சிரித்துவிட்டுப் பழையதையே போடச் சொல்லிவிட்டார்.

அப்பா அம்மாவிடம் இந்தச் சீசன் முடியட்டும், மாற்றிவிடுகிறேன் என்றார். அடுத்த சீசனிலும் அதையே சொன்னார். அம்மா ஒரு நாள் பேச ஆரம்பித்துவிட்டாள், பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும். ஆனால் வண்டி தெருவுக்குள் வரும் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்துவாள், ஜன்னலையும் சாத்துவாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அம்மாவுக்கு அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

தண்ணீர்த் தொட்டி முனையில் வண்டியைப் பிடித்துவிட்டாள். தலைமேல் இரண்டு குழாய் கட்டிய மூன்று சக்கர வண்டி, ஓட்டுகிறவருக்கு 'ஹாரன்' என்று பெயர். வண்டியில் ஹாரன் வேலை செய்யாததால் தொண்டையால் விலகச் சொல்லியே பழக்கப்பட்ட மனிதர். அப்பாவுடன் இத்தனை வருஷம் சுற்றியவர். இன்றைக்கு அவர் சத்தமே போடாமல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"...ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்கு, பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க..." என்று அப்பா கேட்டார். அம்மா கூப்பிடுகிற இடம் இதற்கு அடுத்ததுதான். அவள் வண்டிக்குள் கையை விட்டு எது கைக்கு அகப்பட்டதோ அதைத் திருகினாள். தெரு சட்டென்று அமைதியாகிவிட்டது.

"பாப்பா" என்றார் ஹாரன்.

"என்ன அண்ணே இது? வீட்டுல அவரைப் படுக்கவச்சிருக்கு. நீங்க ஊரெல்லாம் அவரைப் பேச வச்சுக்கிட்டு இருக்கீங்க."

"லீவு கேட்டேன். மத்தியானத்துக்கு மேல போன்னுட்டாங்க. இந்தத் தெருவுலேயே நாலு வீட்டுல காய்ச்சல் படுத்திருக்கு, வண்டியை நிறுத்த முடியாதுன்னு சொல்றாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல."

"வேற ஏதாவது போட வேண்டியதுதானே?"

ஹாரன் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "போடலாம்னுதான் இருந்தேன். வண்டியை எடுத்தேன், பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. என்னால முடியல பாப்பா. சரி, வாத்தியார் கூட வர்ற மாதிரி இருக்கட்டுமேன்னு போட்டுட்டேன்."

அந்தக் காலி சீட்டில் அப்பாவின் கரண்டியும் குப்பியும் இருந்தன. குப்பிக்குள் அரைவாசி தண்ணீர், அதில் முந்தாநாள் பிடித்த புழுக்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் அவளுக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது. இவை உயிரோடு இருக்கின்றன.

"எங்க தெருவுக்கு வந்துடாதீங்க. அம்மா தாங்க மாட்டாங்க. இதுல அம்மா குரல் வேற இருக்கு. அவங்களுக்கு இதைக் கேட்டாலே ஆகாது, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அண்ணி கதவைச் சாத்துறதை ஒவ்வொரு தடவையும் பாத்திருக்கேனே."

"அதை எடுத்து என்கிட்ட கொடுங்க."

ஹாரன் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து பென் டிரைவை உருவினார். சிவப்பு நூல் கட்டிய பழைய பென் டிரைவ். "பத்திரம். இது ஒண்ணுதான் இருக்கு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்தது போன மழையில கம்ப்யூட்டரோட போயிடுச்சு" என்றார். அவள் வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். வெயிலில் ஓடிய வண்டிக்குள் இருந்ததால் அது சூடாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது, பின்னால் ஹாரன் தன் சொந்தத் தொண்டையால் ஆரம்பித்தது கேட்டது. "தண்ணியைத் தேங்க விடாதீங்க! தண்ணியைத் தேங்க விடாதீங்க!" ஒரு கதவும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தம்பி வந்து சேர்ந்திருந்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்போடு பெட்டியின் கண்ணாடிமேல் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் அழுதார்கள். இனிக் காத்திருக்க ஒன்றும் இல்லை. மாமா கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.

"அடுத்த மழைக்குள்ள எடுத்துடலாம். வண்டியை நிறுத்தியாச்சா?" என்று அவள் காதோடு கேட்டார்.

அவள் கையைத் திறந்து காட்டினாள். மாமா பெருமூச்சு விட்டார். "நல்ல காரியம் பண்ணினே. ஆனா அக்காவைப் பாரு, என்னமோ மாதிரி இருக்கு. நீ போனதுல இருந்து பெட்டிகிட்ட இல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட போய் உக்காந்துடுச்சு. பையன் வந்து காலைப் பிடிச்சு அழறான், தலையைத் தடவிட்டு மறுபடி ஜன்னலையே பாக்குது."

அம்மா ஜன்னலோரம் இருந்தாள். ஜன்னல் முழுவதும் திறந்திருந்தது. திரைச்சீலையைக்கூடச் சுருட்டிக் கம்பியில் செருகியிருந்தாள். அவள் அம்மாவின் பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள், நேற்றிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

"அம்மா, தம்பி வந்துட்டான். எடுக்கலாமான்னு கேக்கறாங்க. வந்து ஒரு தடவை பாத்துக்கம்மா."

அம்மா திரும்பவில்லை. தெருமுனையைப் பார்த்தபடியே, நேற்றிலிருந்து பேசாத வாயைத் திறந்து, தண்ணீர்க்காரன் ஏன் வரவில்லை என்று கேட்பதுபோலக் கேட்டாள்:

"இன்னைக்கு நம்ம தெரு முறைதானே?"

கூடத்தில் அழுகை பாதியில் நின்றது. எதிர்வீட்டு டீச்சர் மாமாவைப் பார்த்தாள், மாமா அவளைப் பார்த்தார்.

"வண்டியாம்மா? இன்னைக்கு லீவு விட்டிருப்பாங்க" என்று மகள் சமாளித்தாள்.

"காய்ச்சல் நேரத்துல லீவு விட மாட்டாங்க. பேக்கரித் தெருவுல கேட்டுச்சு. தொட்டிகிட்ட கேட்டுச்சு. ஃப்ரிட்ஜு வரைக்கும் சொன்னாரு. அதோட நின்னுபோச்சு." அம்மா கழுத்தை நீட்டித் தெருமுனையைப் பார்த்தாள். "வண்டி ரிப்பேரோ என்னமோ."

அவள் கைக்குள் பென் டிரைவ் வியர்வையில் வழுக்கியது. வரும் வழியில் இதைச் சாக்கடையில் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நின்று, கையை ஓங்கக்கூடச் செய்தாள். இப்போது அதை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நான்தாம்மா நிறுத்தினேன்."

அம்மா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்தால்கூடத் தேவலாம்.

"யாரு உன்னைக் கேட்டா?"

"உனக்குப் பிடிக்காதேம்மா. நீதான் ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்துவியே."

"சாத்துவேன்தான்" என்றாள் அம்மா. குரல் தாழ்ந்தது, பக்கத்தில் இருக்கிற டீச்சருக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல. "நான் நின்னு கேக்கறதை ஊரு வேடிக்கை பாக்கணுமா? சாத்திட்டு உள்ள நின்னு கேப்பேன்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே தட்டுச் சத்தத்தைக் கேட்டு, ஒரே சாத்திய கதவைப் பார்த்து இருந்தவள். அந்தக் கதவுக்கு உட்பக்கம் என்ன நடந்தது என்று ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவுக்காவது தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால்தான் இந்தச் சீசன், அடுத்த சீசன் என்று இழுத்தாரோ? கேட்க ஆள் இல்லை.

அவள் எழுந்து மறுபடி ஓடினாள். இந்தத் தடவை செருப்பே போடவில்லை.

மாமா வாசலில் கையை விரித்துத் தடுத்தார். "எங்க போறே? தூக்க ஆள் நிக்குது, மழை வருது."

"கொஞ்சம் இருங்க மாமா."

"இருன்னா எவ்வளவு நேரம்?"

"வந்துட்டேன்னு சொல்றேன்ல."

ஹாரன் தெருமுனையிலேயே இருந்தார். வேலையை முடித்துவிட்டு, சீருடைச் சட்டையைக் கழற்றி வேறு சட்டை மாட்டிக்கொண்டிருந்தார், சாவு வீட்டுக்கு வர. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. அவள் பென் டிரைவை நீட்டினாள். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. வாங்கிச் செருகினார்.

ஒலிபெருக்கிப் பெட்டியில் விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. உருவி, சட்டையில் துடைத்து மறுபடி செருகினார். வெறும் இரைச்சல். "ஈரமா இருக்கு" என்றார். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க ஈரத்தோடு சண்டை போட்ட மனிதரின் குரலை அவள் கை வியர்வை தின்றுவிட்டதா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழுதாள், நடுத்தெருவில், வெறுங்காலோடு. நேற்றிலிருந்து அடக்கியது எல்லாம் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டுக்காக வந்தது. ஹாரன் அதை வாயில் வைத்து ஊதினார். வெயிலில் சூடேறியிருந்த வண்டித் தகரத்தில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார். "வாத்தியாரே, மானத்தை வாங்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவையாகச் செருகினார்.

"பொதுமக்களே, கொஞ்சம் காதைக் கொடுங்க."

வண்டி தெருவுக்குள் நுழைந்தது. அவள் அதன் பக்கவாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இருபுறமும் கதவுகள் திறந்தன. சாவுக்கு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். சாவு வீட்டில் எழுந்து நிற்பது மரியாதைக்கா, பழக்கத்துக்கா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. டயர் சொன்னார், பெயின்ட் டப்பா சொன்னார், பூந்தொட்டி சொன்னார். "மூடி வைங்க, கவுத்து வைங்க, தேச்சுக் கழுவுங்க. கொசுவை அடிக்கிறது என் வேலை, பெத்துக்காம இருக்க வைக்கிறது உங்க வேலை."

வீட்டு வாசலுக்கு வந்ததும் ஹாரன் வண்டியை நிறுத்தினார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது, ஜன்னல் திறந்திருந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க நின்றாள்.

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்கு, பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. நானே பாத்ததில்ல. எங்க வீட்டுல சம்சாரம்தான் ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டுனாங்க, அந்தத் தட்டுல பாத்தா, அவ்வளவு புழு. கொசு ஒழிக்கிறவன் வீட்டுலேயே. அதனால..."

"ஏங்க, கொசுவை நாளைக்குக் கொன்னுக்கலாம், சாப்பாடு ஆறுது, வாங்க."

பந்தலில் யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஒலிபெருக்கியில் போர்வை உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு அப்பா, மைக்கைக் கையால் மூடிக்கொண்டதாக நினைத்துக்கொண்டு, வீட்டுக் குரலில் சொன்னார்:

"இதோ வந்துட்டேன், ஒரு நிமிஷம்."

அதை எல்லோரும் எத்தனையோ தடவை கேட்டிருந்தார்கள். இன்றைக்கு யாராலும் தலை நிமிர முடியவில்லை. தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பெட்டியைத் திறக்கக் கை வைத்தவர்கள் கையை எடுத்தார்கள்.

"இப்படித்தான் சொல்வாரு" என்றாள் அம்மா, ஜன்னலிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி. "சொல்லிட்டு வர மாட்டாரு. பாதியில விட்டுட்டு ஒரு நாளாவது எந்திரிச்சு வந்திருக்காரா?"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மழைத்துளி இரண்டொன்று விழ ஆரம்பித்திருந்தது. "அக்கா, எடுத்துடலாமா?"

"முடிக்கட்டும்" என்றாள் அம்மா.

அதனால் எல்லோரும் நின்றார்கள். அப்பா ஃப்ரிட்ஜ் தட்டை முடித்தார், மொட்டைமாடித் தொட்டியை முடித்தார், காய்ச்சல் வந்தால் தானாக மாத்திரை வாங்கிப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். வாரம் ஒரு தடவை, மறக்காதீங்க என்றார். நன்றி என்றார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் போர்வைச் சத்தம் கேட்டது, கட்டில் கிரீச்சிட்டது, ஒரு செருப்புச் சத்தம் அடுப்படிப் பக்கம் நடந்து போனது. அவள் இதுவரை அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டதே இல்லை. வண்டி எப்போதும் அதற்குள் நகர்ந்துவிடும்.

ஹாரன் குமிழைத் திருகி அணைத்தார்.

பிறகு தூக்கினார்கள். மழை வலுக்குமுன் தெருமுனையைத் தாண்டிவிட வேண்டும் என்று மாமா அவசரப்படுத்தினார். வாசலில் செருப்புக் குவியல் கலைந்து ஆளுக்கொரு ஜோடியாக நடந்தது. அடியில் போயிருந்த அவளுடைய வலது கால் செருப்பும் இப்போது இடதோடு கிடந்தது. இரண்டையும் மாட்டிக்கொண்டு, ஏதோ நினைவு வந்து திரும்பி உள்ளே பார்த்தாள்.

கூடத்தில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை. வெறும் குளிர்பெட்டி மட்டும் மூடி திறந்தபடி இருந்தது. அம்மா குனிந்து அதன் அடியில் சொட்டுகிற தண்ணீருக்காக வைத்திருந்த தட்டை இழுத்தாள். இரண்டு கையாலும் சிந்தாமல் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். தண்ணீரைக் கொட்டினாள், விரலால் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு தட்டைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.